தன் பிள்ளையைத் தூக்காத மருதாசலம்

மருதாசலம் தூக்காத பாரம் அந்த ஊரில் கிடையாது. சோள மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு அட்டாலிப் பரணில் ஏறுவான். தண்ணீர் இறைத்து ஊறிக் கனத்துப்போன கவலைத் தோல் பறியைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டிலிருந்து வீடு வரைக்கும் பேசிக்கொண்டே நடப்பான். ஒரு தடவை காலொடிந்த கன்றுக்குட்டியைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு புதுச்சத்திரத்து மாட்டு வைத்தியரிடம் போய் வந்தான். பார்த்தவர்கள் அதை ரொம்ப நாளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டவன் தன் இருபத்தாறாவது வயதில் ஒன்றே ஒன்றைத் தூக்க முடியாமல் தோற்றுப்போனான். மூன்று படி அரிசி கனம் இருக்கும். அவன் பெற்ற மகள்தான் அது.

கையில் கோளாறு ஒன்றும் இல்லை. அவனுடைய அய்யன் உயிரோடு இருந்தார், அவ்வளவுதான்.

தகப்பன் கண் முன்னால் ஒருவன் தன் பிள்ளையைத் தூக்கக் கூடாது. கொஞ்சக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பிள்ளை அழுதால் காது கேட்காதவன் மாதிரி இருக்க வேண்டும். இதுதான் அந்த வீட்டு மரியாதை. யார் எழுதி வைத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் எழுதி வைத்த சட்டத்தை மீற அந்த நாளில் ஊருக்கு ஊர் ஆள் புறப்பட்டுக்கொண்டிருந்தது. உப்புக் காய்ச்சக் கிளம்பினார்கள், கள்ளுக்கடையை மறித்தார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். இந்தச் சட்டத்தை மீறி ஜெயிலுக்குப் போக மட்டும் ஒரு ஆம்பளை கிடைக்கவில்லை.

காரணம் கேட்டால் கண்ணு பட்டுவிடும் என்பார்கள், பெரியவர்களுக்கு மதிப்புக் குறைவு என்பார்கள். உள்ளபடி விஷயம் வேறு. மகன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால், அந்தப் பிள்ளை எப்படி வந்தது என்பது அவன் தகப்பனுக்கு நினைவு வந்துவிடுமாம். பத்து மாதமும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மருமகள் அவர் முன்னாலேயே சாணி அள்ளியபோது வராத நினைவு, பிள்ளையைத் தூக்கினால் மட்டும் வந்துவிடும்.

மகள் பிறந்தது ஆவணி மாதம், மனைவி சாலம்மாளின் தாய் வீட்டில், பள்ளிபாளையத்துப் பக்கம் காவிரிக் கரையோரம். தகவல் வந்து எட்டு நாள் ஆகியும் மருதாசலம் வாயைத் திறக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டால் அதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் பெரியவர், அதாவது அவனுடைய அய்யன் செங்கோட்டையன், வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டே சொன்னார்.

“உன்ற மாமனார் ஊருல ஒரு செவலைக் காளை இருக்குதாம். போயிப் பாத்துட்டு வா.”

மாடு வாங்கும் யோசனை அந்த வீட்டில் இல்லை என்பது கொட்டாயில் நின்ற காளைகளுக்குக்கூடத் தெரியும். மருதாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறந்தான். அங்கே போனால் மாமனார் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரும் பெரியவர்தானே! மூன்று முழம் தள்ளி நின்றபடி, கதவு இடுக்கு வழியாக, ஒரு சிவந்த உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். வீட்டுக்கு வந்ததும் பெரியவர் விசாரித்தார்.

“மாட்டைப் பாத்தியா?”

“பாத்தனுங்க.”

“பல்லு?”

“இன்னும் போடலீங்க.”

“நெறம்?”

“செவப்புன்னு சொல்ல முடியாதுங்க. மாநெறம்.”

பெரியவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். “செரி, நல்லாப் பாத்துக்கச் சொல்லு,” என்று சொல்லிவிட்டுக் காட்டுப் பக்கம் நடந்தார். பேத்தி பிறந்த சந்தோஷத்தை ஒரு தகப்பனும் மகனும் அந்த வீட்டில் இவ்வளவு தாராளமாகப் பகிர்ந்துகொண்டது அதுவே முதல் தடவை.

செங்கோட்டையன் கெட்ட மனிதர் அல்ல. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் மனசுக்குள் நாலு வார்த்தை திட்டியாவது ஆறிக்கொள்ளலாம். பேத்தி சௌந்திரம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் மடியை விட்டு இறங்கவில்லை. அவர் சாப்பிடும் வட்டிலில் முதல் கவளம் அவளுக்குத்தான். சந்தைக்குப் போனால் பொரிகடலை அவளுக்குத்தான். தாத்தனுக்குத் தடை எதுவும் இல்லை, தாத்தனுக்குத்தான் மேலே ஆள் கிடையாதே. அவர் மருதாசலத்தைப் பெற்ற காலத்தில் அவருடைய அய்யன் கல் மாதிரி இருந்தார். அதனால் மருதாசலத்தை அவர் தூக்கியதே இல்லை. அந்த ஆசைக்குத் தன் அண்ணன் மகன் அருணகிரியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். அந்தக் கிழவர் கண்ணை மூடியபோது மருதாசலத்துக்குப் பதினொரு வயது, ஏர் பிடித்துக்கொண்டிருந்தான். பதினொரு வயதுப் பையனைத் தூக்கிக் கொஞ்சினால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும்.

அய்யன் கை தன் மேல் பட்டது மருதாசலத்துக்கு இரண்டு தடவைதான் ஞாபகம். ஒரு தடவை எருதைக் கிணற்றோரம் மேயவிட்டுத் தூங்கியதற்காக முதுகில் பட்டது. இன்னொரு தடவை கல்யாணத்தன்று நெற்றியில் திருநீறாகப் பட்டது. இரண்டையும் அவன் பத்திரமாகவே வைத்திருந்தான்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? சௌந்திரத்துக்கு எட்டு மாதம் ஆனபோது ஒரு நாள், பெரியவர் வரி விஷயமாக மணியகாரர் வீட்டுக்குப் போயிருந்த நேரம், சாலம்மாள் குழந்தையைச் சோளத்தட்டுப் போருக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். மருதாசலம் நாலு பக்கமும் பார்த்தான். கையைத் துண்டில் துடைத்தான். தூக்கினான். குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, இது கழன்று வராது என்று தெரிந்ததும் சிரித்தது. எத்தனை நேரம் நின்றானோ, வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

பெரியவரின் இருமலுக்கு அந்த வீட்டில் பல அர்த்தம் உண்டு. பெண்பிள்ளைகள் எழுந்து நிற்பதற்கு ஒன்று, பேச்சை நிறுத்துவதற்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் பொதுவான அர்த்தம், நான் வருகிறேன் என்பது. மருதாசலத்துக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பெற்ற மகளைச் சோளத்தட்டுக் குவியலுக்குள் திணித்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த அரிவாளை எடுத்து, ஏற்கெனவே நறுக்கி வைத்த தட்டை மறுபடியும் நறுக்க ஆரம்பித்தான்.

பெரியவர் வந்தார். தட்டுக்கு நடுவில் ஒரு தலை கக்கக்கவென்று சிரித்துக்கொண்டிருந்தது.

“அட என்ற சாமி! உன்னைய ஆரு இங்க கொண்டாந்து போட்டது? மாடு மேஞ்சுட்டுப் போயிருந்தா என்னாவறது?” என்று வாரி எடுத்து உச்சி மோந்தார். பிறகு மகனைப் பார்த்து, “ஏண்டா, ஒரு குடும்பத்துல புள்ளை கெடக்கறது தெரியாமக் குருடனாட்டவா தட்டு நறுக்குவ? பெத்தவங்களுக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா?” என்று கேட்டார்.

“இனிப் பாத்துக்கறனுங்க,” என்றான் பொறுப்பற்ற தகப்பன்.

சௌந்திரத்துக்குத் தோள் கிடைக்காமல் போகவில்லை. மருதாசலத்தின் தம்பி சுப்பையன் கல்யாணம் ஆகாதவன். அண்ணன் பிள்ளையைத் தூக்கத் தடை இல்லை. அவன் தோளில் ஏறித்தான் அவள் கிணற்றைப் பார்த்தாள், பனங்காட்டைப் பார்த்தாள், முதல் முதலில் மோட்டார் பஸ் என்னும் அதிசயத்தைச் சேலம் ரோட்டில் பார்த்தாள். அந்த பஸ்ஸைப் பார்த்தபோது மருதாசலமும் பத்தடி தள்ளி நின்றுகொண்டுதான் இருந்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தானே ஒழிய பஸ்ஸைப் பார்க்கவில்லை.

பிறகு சுப்பையனுக்குக் கல்யாணம் ஆயிற்று. தீர்த்தகிரி என்று ஒரு மகன் பிறந்தான். பிறந்த அன்றே சுப்பையன் கையும் கட்டப்பட்டது. பெற்ற மகனை அவன் தூக்கக் கூடாது. ஆனால் அண்ணன்காரன் தூக்கலாம்! மருதாசலத்தின் சும்மா கிடந்த தோளில் அந்தப் பையன் ஒரு நாள் தானாக ஏறி உட்கார்ந்தான். ஏறியவன் இறங்கவே இல்லை. இப்படியாகச் சொந்தக் காளையைப் பக்கத்துக் காட்டுக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்துக் காட்டுக் காளையை வாங்கி உழுகிறவர்கள் மாதிரி, அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பிள்ளையை மாற்றிச் சுமந்தார்கள். இதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பார்த்த பெரியவருக்கோ பெருமை பிடிபடவில்லை. “எங்கூட்டுல தன் புள்ளை, தம்பி புள்ளைன்னு வித்தியாசமே கெடையாது,” என்று சந்தையில் சொல்லிக்கொண்டார். உண்மைதான், தன் பிள்ளை என்பது அங்கே யாருக்குமே கிடையாது.

தீர்த்தகிரி நல்ல பையன். மருதாசலத்துக்கு அவன் மேல் உயிர். அதை மறைக்கத் தேவையில்லாததால் வஞ்சனை இல்லாமல் கொஞ்சினான். காளைக் கயிறு மாதிரி அவன் குடுமியைப் பிடித்துக்கொண்டு பையன் சவாரி செய்வான். அப்போதெல்லாம் சௌந்திரம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவனைக் கூப்பிட அவளிடம் ஒரு பெயரும் இல்லை. அவள் ஆத்தா அவனை ‘அவிய’ என்பாள், அப்பாரு, அதாவது தாத்தா, ‘பெரியவன்’ என்பார், சுப்பையன் ‘அண்ணா’ என்பான். அதனால் அவள் சாப்பிடக் கூப்பிட வந்தால் பக்கத்தில் வந்து நின்று, “சோறு ஆயிருச்சாமா,” என்று காற்றிடம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

சுப்பையனை அவள் அய்யன் என்று கூப்பிட்டாள். முதலில் சாலம்மாள் திருத்தினாள். பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்து, “குழந்தைக்கு என்ன தெரியும், உடு,” என்றார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மருதாசலமும் சேர்ந்து சிரித்தான். அவன் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் முடிந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

சாலம்மாள் கவனித்தாள். ஒரு நாள் உச்சிப் பொழுதில் கிணற்று மேட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்தவள் கலயத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“ஏனுங்க, அந்தப் பையனைச் சொமக்கற தோளு, ஒரு நாளைக்கு இவளைச் சொமந்தாத் தேஞ்சா போயிரும்?”

“அய்யன் இருக்கறாருல்ல?”

“இருக்கட்டும். நூறு வருசம் நல்லா இருக்கட்டும். அதுவரைக்கும் இவ புள்ளையாவே இருப்பாளாக்கும்? இன்னம் நாலு வருசம் போனா நீங்களே தூக்க மாட்டீங்க. அப்பறம் கட்டிக் குடுத்துருவீங்க. கடைசி வரைக்கும் உங்களை ஆருன்னே தெரியாமப் போயிருவா.”

மருதாசலம் எருதுகளைப் பின்னால் தள்ளிப் பறியைக் கிணற்றில் இறக்கினான். சாலம்மாள் சொன்னது அவனுக்குத் தெரியாததல்ல. அவள் நாலு வருசம் என்றாள், அவன் மூன்று என்று நினைத்திருந்தான். மகளுக்கு அப்போது ஐந்து முடிந்திருந்தது.

அந்த வருசம் வைகாசியில் குடும்பத்தோடு திருச்செங்கோட்டுத் தேர் நோம்பித் திருவிழாவுக்குப் போனார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து. இரண்டு வண்டி கட்டி, முதல் நாளே புறப்பட்டு, மலையடிவாரத்துப் புளியந்தோப்பில் அவிழ்த்துப் போட்டார்கள். பெண்கள் அடுப்பு மூட்டினார்கள், ஆண்கள் பிள்ளைகளோடு தேர் பார்க்கப் போனார்கள். அந்த மலைமேல் இருக்கிற சாமி பெண்டாட்டியைத் தன் உடம்பில் பாதியாகவே வைத்துக்கொண்டு உலகத்துக்கே காட்சி கொடுக்கிறவர். அவருக்கு மேலே இருமுவதற்கு ஆள் இல்லை போலிருக்கிறது. பிள்ளையைத் தூக்க வெட்கப்படுகிற அத்தனை ஆம்பளைகளும் அவரைக் கும்பிட வெயிலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியவர் குடையோடு முன்னால் போனார். மருதாசலத்தின் தோளில் தீர்த்தகிரி. சுப்பையனின் தோளில் சௌந்திரம். தேர் நிலையை விட்டு நகர்ந்ததும் வடம் பிடிக்க ஆள் கூப்பிட்டார்கள். சுப்பையனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. சௌந்திரத்தை இறக்கிவிட்டு, “அப்பாரு வேட்டியக் கெட்டியாப் புடிச்சுக்க சாமி, இதா வந்தர்றேன்,” என்று சொல்லிவிட்டு வடத்துக்கு ஓடினான். அவளும் ஒரு வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அங்கே ஆயிரம் வேட்டி இருந்தது. அவள் பிடித்தது பெரியவருடையது அல்ல.

தேர் தெரு முனையைத் திரும்பிய பிறகுதான் பிள்ளையைக் காணோம் என்பது தெரிந்தது. பெரியவர் குடையைக் கீழே போட்டுவிட்டார். சுப்பையன் வடக்குத் தெருப் பக்கம் ஓடினான். பெரியவர் தேரைச் சுற்றித் தேடக் கிளம்பினார். மருதாசலம் மலையடிவாரத்தைப் பார்த்து ஓடினான். தோளில் இருந்த தீர்த்தகிரியை இறக்க யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கே தோன்றவில்லை. தலைப்பாகையைக் கழற்றிவிட்டா ஒருவன் ஓடுவான்?

அடிவாரத்தில் தொலைந்த பிள்ளைகளை உட்கார்த்தி வைப்பதற்காகப் போலீஸார் ஒரு ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஆத்தூர்ப் பக்கத்துப் போலீஸ்காரர் ஒருவர், சிவப்புத் தலைப்பாகையும் பெரிய மீசையுமாகக் காவல் இருந்தார். உள்ளே பெஞ்சில், அழுது முடித்த முகத்தோடு, சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள். மருதாசலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இது எங்கூட்டுப் புள்ளைங்க,” என்றான் மூச்சு வாங்க.

“ஊட்டுக்கா பொறந்துச்சு? அப்பன் யாருய்யா?”

மருதாசலம் சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். பெரியவர் இல்லை. பிறகுதான் குரலைத் தாழ்த்தி, “நாந்தானுங்க,” என்றான்.

போலீஸ்காரர் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டார். இருபது வருசச் சர்வீஸில் அவர் அந்தப் பார்வையை நிறையப் பார்த்திருக்கிறார். களவுப் பொருளோடு பிடிபட்டவன்தான் அப்படித் திரும்பிப் பார்ப்பான். தேர் நோம்பியில் கொலுசுக்கும் தோட்டுக்கும் ஆசைப்பட்டுப் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று காலையில்தான் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் தடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை பக்கம் குனிந்தார்.

“பாப்பா, இவரு யாரு, சொல்லு?”

சௌந்திரம் மருதாசலத்தை ஏற இறங்கப் பார்த்தாள். தெரிந்த ஆள்தான். உண்மையைத்தான் சொன்னாள்.

“தீர்த்தகிரியோட அய்யனுங்க.”

“தீர்த்தகிரி யாரு?”

தோளில் இருந்தவனைக் காட்டினாள். அவனும் இரண்டு கையாலும் குடுமியைப் பிடித்துக்கொண்டு, “எங்கய்யன்!” என்று உறுதி சொன்னான்.

“உங்கப்பன் பேரு என்ன பாப்பா?”

“சுப்பையனுங்க.”

“இவரு உன்னைத் தூக்குவாரா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அவனைத்தான் தூக்குவாருங்க. என்னையத் தூக்க மாட்டாரு.”

மருதாசலத்தின் வாழ்க்கையில் அவனைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக யாரும் சாட்சி சொன்னதில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பிள்ளை பிடிக்கிறவனாம் என்று யாரோ சொன்னார்கள். “ஒரு புள்ளையத் தோள்ல வெச்சுக்கிட்டு வந்தா நம்பிருவோம்னு பாத்தானா, என்ன வேசம் போடறான் பாருங்க!” என்று ஒருவன் அவன் மேல்துண்டைப் பிடித்தான்.

“கம்முனு இருங்கய்யா,” என்று கூட்டத்தை அதட்டிவிட்டுப் போலீஸ்காரர் கேட்டார். “நீ பெத்தவன்னா அடையாளம் சொல்லு. ஒடம்புல மச்சம் எங்கே இருக்குது?”

மருதாசலம் கொட்டாயில் இருந்த ஆறு மாட்டுக்கும் சுழி எங்கே எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். மகள் உடம்பில் மச்சம் எங்கே என்று தெரிய, அவளை ஒரு நாளாவது குளிப்பாட்டியிருக்க வேண்டும், மடியில் போட்டிருக்க வேண்டும். அவன் பார்த்ததெல்லாம் தூரத்திலிருந்து பார்த்ததுதான்.

“மச்சந் தெரியாதுங்க,” என்றான். “நடக்கையில எடது காலைக் கொஞ்சம் உள்ள வெச்சு நடப்பாளுங்க. கொழம்புல மொளகாய் கெடந்தா ஒவ்வொண்ணாப் பொறுக்கி வட்டில் ஓரத்துல வரிசையா வெப்பா. இடி இடிச்சா ஆரு கிட்டவும் போக மாட்டா, குதுருக்குப் பின்னால போயி நின்னுக்குவா. அழுவ மாட்டா, நின்னுக்குவா. ஆருமில்லைன்னா கன்னுக்குட்டிக்கு மூஞ்சி கழுவி உட்டுக்கிட்டுக் கதை சொல்லுவா. போன மாசம் காய்ச்சல் வந்து மூணு நாளு கெடந்தா, அப்பறம் மொத மொதல்ல எந்திரிச்சு உக்காந்து மாம்பழம் வேணும்னு கேட்டா. ஊட்டுல மாம்பழம் இல்லீங்க. நாந்தான் ராசிபுரம் போயி வாங்கியாந்தேன். தம்பி கையில குடுத்துக் குடுக்கச் சொன்னேன்.”

கூட்டத்தில் மேல்துண்டைப் பிடித்திருந்தவன் கையை எடுத்துவிட்டான். சௌந்திரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். தானியக் குதிருக்குப் பின்னால் நிற்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

போலீஸ்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளை பிடிக்கிறவன் மிளகாய்க் கணக்கெல்லாம் வைத்திருக்க மாட்டான். அப்பன் என்றாலோ பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு செங்கோட்டையன் உள்ளே வந்தார்.

“அப்பாரு!” என்று சௌந்திரம் எழுந்தாள்.

“நில்லு பாப்பா,” என்றார் போலீஸ்காரர். “பெரியவரே, இது யாரு புள்ளை?”

“எங்கூட்டுப் புள்ளைங்க.”

“ஐயையோ! இதையேதான் அந்தாளும் சொன்னான். உங்க ஊட்டுல ஆம்பளைங்களே கெடையாதா? பெத்தவன் யாருய்யா?”

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். மகன் முன்னால் அதை எப்படிச் சொல்வது? அவர் மகனைப் பார்த்தார், மகன் அவரைப் பார்த்தான். பெஞ்சுக்கும் பெரியவருக்கும் நடுவே நாலடி தூரம். மகள் அந்த நாலடியைத் தாண்டி ஓடித் தாத்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். போலீஸ்காரர் விட்டுவிடுவார். எல்லோரும் புளியந்தோப்புக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம். மரியாதைக்கு ஒரு குறைவும் வராது. மகள் தாத்தா தோளில் போவாள், தீர்த்தகிரி இந்தத் தோளில் வருவான், இந்தச் சங்கதியைச் சொல்லி வீடே சிரிக்கும், மருதாசலமும் சிரிக்க வேண்டியிருக்கும். சௌந்திரம் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டாள்.

“எம் மக!”

கத்தியது மருதாசலம்தான். கொட்டகைக்கு வெளியே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்திரண்டு வயதில், அய்யன் முகத்துக்கு நேராக, அந்த இரண்டு வார்த்தையை அவன் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு வேறு எதுவும் கஷ்டமாகத் தெரியவில்லை. தோளில் இருந்த தீர்த்தகிரியைப் பிடுங்கி எடுத்தான். “தம்பி பையனைச் சித்தெப் புடிங்க,” என்று பெரியவர் கையில் கொடுத்தான். அய்யனுக்கு அவன் இட்ட முதல் வேலை அது. பிறகு குனிந்து மகளைத் தூக்கித் தோளில் வைத்தான்.

“பெரியவனே…” என்றார் செங்கோட்டையன். எச்சரிக்கையா, வேறு ஏதாவதா என்று அவருக்கே தெரிந்திருக்காது. மருதாசலம் திரும்பிப் பார்க்கவில்லை.

“தம்பி மகனைத் தோள்ல குந்த வெச்சிக்கினு பெத்த மகளைத் தொலைச்சிட்டு வந்திருக்கே,” என்றார் போலீஸ்காரர், வழியை விட்டு விலகிக்கொண்டே. “போய்யா, போ. நல்ல குடும்பம்.”

இதற்காகப் பெரியவர் பிறகு மூன்று மாதம் மகனோடு பேசாமல் இருந்தார். அவனிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் எப்போதுமே பேசாத மனிதர் ஆனதால், அவர் பேசாமல் இருக்கிறார் என்பதே மருதாசலத்துக்குத் தெரிய ஒரு மாதம் பிடித்தது. சுப்பையன் நாலாம் நாளே தன் மகனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இருமல் கேட்டதும் இறக்கிவிட்டான். எல்லோருக்கும் எல்லாத் துணிச்சலும் ஒரே நாளில் வந்துவிடாது.

அன்று கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது தெருவில் வெயில் இறங்கியிருந்தது. சௌந்திரம் மரப்பாச்சி மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தாள். கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. தலையைத் தொட்டாள், எடுத்துக்கொண்டாள். அவள் உடம்பு சூடு கழுத்தில் பட்டபோது மருதாசலத்துக்கு அழுகை வந்தது. தேர்க் கூட்டத்தில் வேர்வைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது என்பதால் அழுதான். பின்னால் பெரியவர் இடுப்பில் இருந்த தீர்த்தகிரி, தன் இடம் பறிபோனதை அப்போதுதான் புரிந்துகொண்டு வீறிட ஆரம்பித்தான்.

சௌந்திரம் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பயமாகிவிட்டது. குனிந்து, மருதாசலத்தின் காதோரம் வாயை வைத்து, குற்றம் செய்தவள் குரலில் சொன்னாள்:

“தீர்த்தகிரி அழுவறானுங்க. நான் எறங்கிக்கட்டுங்களா? அவனோட அய்யன் தோளாச்சுங்களே இது.”

மருதாசலம் நடையை நிறுத்தவில்லை. அவளுடைய இரண்டு காலையும் இழுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“அழுதா அழுவட்டும் சாமி,” என்றான்.